வேக்லாக்: தமிழில் ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

ஆண்ட்ராய்டு பேட்டரிக் கண்காணிப்புக் கருவி ஒன்றின் இடைமுகத்தைத் தமிழாக்கி வருகிறோம். ‘வேக்லாக்’ மட்டும் உதைக்கிறது. திரை அணைந்து சற்று நேரத்தில் நுண்செயலி உறங்கப் போய்விடும். பாட்டு ஓடும்போது அது உறங்கினால் ஒலி நின்றுபோகும் என்பதால், ‘நான் சொல்லும்வரை உறங்காதே’ என்று செயலி (ஆப்) ஆண்ட்ராய்டு அமைப்பிடம் கேட்டுப் பெறுவதுதான் வேக்லாக். வரைவில் ‘விழிப்புப் பூட்டு’ என்று போட்டிருக்கிறது. இதனோடு ஒட்டிவரும் சரங்கள் (இடைமுகத்தில் தோன்றும் சொற்றொடர்கள்): பெறுதல், விடுதல், எண்ணிக்கை, காலக்கெடு, விடப்படாமல் சிக்கி நிற்பது. அத்தனைக்கும் ஒத்துவரும் சொல்லாக வேண்டும்.

இன்னொரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். ‘செயலி செயலியை உறங்கவிடவில்லை’ என்று ஒரு சரம் வந்து நின்றது. இரண்டாவதை நுண்செயலி என்று மாற்றியிருக்கிறேன்.

———

மறு: வேக்லாக்: தமிழில் ஒரு சொல் வேண்டும்

> வரைவில் ‘விழிப்புப் பூட்டு’ என்று போட்டிருக்கிறது

பூட்டு வேண்டாம். அமைப்புகளில் ஏற்கெனவே திரைப் பூட்டு இருக்கிறது. பேட்டரிப் பக்கத்தில் இன்னொரு பூட்டைப் பார்த்தால் பயனர் கைரேகையைத்தான் நினைப்பார். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பூட்டு என்றால் ஒருவர் போட்டபின் மற்றவர் காத்திருக்க வேண்டும். நிரலில் ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் மியூட்டெக்ஸுக்கு அது பொருந்தும். இங்கே பத்துச் செயலிகள் ஒரே நேரத்தில் ஆளுக்கொன்று வைத்திருக்கலாம், ஒன்று மிஞ்சினாலும் நுண்செயலி உறங்காது. ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸ் கெர்னலில் இதைச் சேர்க்க முயன்றபோதே ‘சஸ்பெண்ட் பிளாக்கர்’ (உறக்கத்தைத் தடுப்பது) என்று பெயரை மாற்றித்தான் 2010 வாக்கில் அனுப்பிப் பார்த்தார்கள். ஆங்கிலத்திலேயே பொருந்தாத பூட்டை நாம் சுமப்பானேன்?

‘விழிப்புப்பிடி’ என்று வைக்கலாம். பிடித்தல், விடுதல் என்று வினைகள் தாமாக வந்துவிடுகின்றன. ஆண்ட்ராய்டில் இது இயல்பாகவே எண்ணிக் கணக்கு வைக்கும்: ஒரே பிடியை இரண்டு முறை பிடித்தால் இரண்டு முறை விட்டாக வேண்டும். ஒவ்வொரு பாட்டு மாறும்போதும் பிடித்துவிட்டு, இடைநிறுத்தும்போது ஒரே ஒரு முறை விடுகிற நிரல்கள் நிறைய. பத்துப் பாட்டு கேட்டு நிறுத்தினால் ஒன்பது பாக்கி. பாட்டு நின்றபிறகும் நுண்செயலி விழித்தே கிடக்கும். அந்த விழிப்புக்கு 100 மில்லிஆம்பியர் செலவு என்று வைத்துக்கொண்டால், 8 மணி நேர இரவில் 800 மில்லிஆம்பியர்-மணி, அதாவது 5000 கொள்ளளவுள்ள பேட்டரியில் 16 விழுக்காடு, ஒரு பாட்டும் கேட்காமலே போய்விடும்.

இப்படி விடாமல் நிற்பதற்குத் தமிழில் சொல் ஏற்கெனவே இருக்கிறது: விடாப்பிடி.

———

மறு: மறு: வேக்லாக்

‘உறக்கத்தடை’ போதுமே. இதற்கான அனுமதியை ஆண்ட்ராய்டே ‘தொலைபேசி உறங்குவதைத் தடுத்தல்’ என்ற பொருளில்தான் காட்டுகிறது. பயனருக்கு உடனே விளங்கும். ‘பிடி’ பொத்தானில் வந்தால் ஏவலாகப் படிக்கப்படும். விடாப்பிடி மனிதரைச் சொல்லும் சொல், கொஞ்சம் கிண்டலாகவும் இருக்கிறது.

———

மறு: மறு: மறு: வேக்லாக்

தடை என்றதும் நம் காதில் கோளாறு என்று விழுகிறது. மின்தடை ஒன்றே பாடப்புத்தகத்தில் ஒரு பொருளும் தெருவில் வேறொரு பொருளுமாக அல்லாடுகிறது. பேட்டரிப் பக்கத்தில் இன்னொரு தடையை நுழைக்க வேண்டியதில்லை. பாட்டு ஓடும்போது பிடி இருப்பது கோளாறே அல்ல. சீக்கிரம் விட்டுவிடுவதும் பிழைதான்: ஒலிச் சேவை, பாட்டு முடிந்து ஏறக்குறைய 3 வினாடியில் தன் பிடியை விட்டுவிடும். அடுத்த பாட்டு இணையத்திலிருந்து வர அதைவிட நேரமானால், செயலியிடமும் பிடி இல்லையென்றால், நுண்செயலி உறங்கிவிடும். திரையைத் தொட்டதும் பாட்டு தொடர்கிறது என்று வரும் முறையீடுகளில் பலவற்றுக்கு இது காரணம். வைஃபை உறங்காமல் காக்கும் பிடியையும் கூடவே பிடித்திருக்க வேண்டும், அது தனி.

கருவியில் எந்தச் சரம் எங்கே வரும் என்பதை நேரில் பார்த்தால் இந்த வேறுபாடு தெளியும். யூஎஸ்பி பிழைத்திருத்தத்தை இயக்கிக் கணினியில் இணையுங்கள். பாட்டை ஓடவிட்டுத் திரையை அணைத்து, ‘டம்ப்சிஸ் பவர்’ (adb shell dumpsys power) கட்டளையின் வெளியீட்டில் வேக்லாக் பகுதியைப் பாருங்கள். ‘ஆடியோமிக்ஸ்’ என்ற பெயர் இருந்தால் ஒலி நுண்செயலி வழியாகக் கலக்கப்படுகிறது. ‘ஆடியோஆஃப்லோட்’ என்றிருந்தால், சுருக்கிய கோப்பு அப்படியே ஒலிச் சில்லுக்குப் போய் அங்கேயே விரிகிறது. 128 கிலோபிட் எம்பி3 வினாடிக்கு 16 கிலோபைட்தான். 256 கிலோபைட் இடையகம் (தரவைத் தற்காலிகமாகத் தேக்கிவைக்கும் இடம்) இருந்தால் நுண்செயலி சுமார் 16 வினாடிக்கு ஒருமுறை விழித்து நிரப்பினால் போதும், இடையில் பிடியை விட்டுவிடும். அதனால் ஒருமுறை பார்த்துப் பெயர் இல்லையென்று முடிவு கட்டாதீர்கள், நாலைந்து முறை பாருங்கள். சில்லால் செய்ய முடியாத ஈக்குவலைசரைப் போட்டாலும் வேகத்தை மாற்றினாலும் பல தொலைபேசிகளில் இந்த ஆஃப்லோட் முறை கலைந்து ஆடியோமிக்ஸுக்குத் திரும்பிவிடும். ஈக்குவலைசர் போட்டதும் பேட்டரி வேகமாக இறங்குவது இதனால்தான்.

இப்போது இடைநிறுத்தி, 5 வினாடி கழித்து மறுபடி பாருங்கள். ஒலிச் சேவையின் பெயர் போயிருக்கும். அப்போதும் செயலியின் பெயரில் ஒன்று நின்று, பக்கத்தில் உள்ள நேரம் ஏறிக்கொண்டே போனால் அது விடாப்பிடி. கிண்டல் இருந்தால் இருக்கட்டும், பிழை அறிக்கையில் தலைப்பைப் பார்த்தே விளங்கும்.

> ‘பிடி’ பொத்தானில் வந்தால் ஏவலாகப் படிக்கப்படும்

இதை ஏற்கிறேன். ஆனால் பயனர் பொத்தான் அழுத்திப் பிடிப்பதில்லை, நிரல்தான் பிடிக்கிறது. அமைப்புகள் பக்கத்தில் பெயர்ச்சொல்லே வேண்டாம், ‘இந்தச் செயலி 2 மணி நேரம் தொலைபேசியை உறங்கவிடவில்லை’ என்று வாக்கியமாகவே எழுதலாம். விழிப்புப்பிடி நிரலாளர் பார்க்கும் பட்டியலில் மட்டும் வரட்டும்.

———

மறு: மறு: மறு: மறு: வேக்லாக்

நன்றி. களஞ்சியத்தில் இப்படி ஏற்றுகிறேன்: விழிப்புப்பிடி, பிடித்தல், விடுதல், பிடி எண்ணிக்கை, பிடிக் கெடு, விடாப்பிடி. ‘பார்ஷியல் வேக்லாக்’ என்பதில் வரும் ‘பார்ஷியல்’ என்ற அடைமொழியைப் ‘பகுதி’ என்று ஆக்காமல், அது செய்வதையொட்டித் ‘திரையணை விழிப்புப்பிடி’ என்று போட்டிருக்கிறேன். திரை அணைந்தாலும் நுண்செயலி விழித்திருக்கும் என்பதே அதன் வேலை. விழிப்புப்பிடியை ஒரே சொல்லாக, ‘ப்’ விடாமல் எழுதுங்கள். தேடலில் இரண்டு வடிவம் வந்தால் சரிபார்ப்பு நிரல் திணறுகிறது.

நெடுநேரம் பயன்படுத்தாத தொலைபேசியை ஆண்ட்ராய்டு ஒடுக்கிவைக்கும் ‘டோஸ்’ நிலைக்குக் ‘கண்ணயர்வு’ என்று ஒருவர் தனி மடலில் அனுப்பியிருக்கிறார். அதைப் புதிய இழையில் தொடங்குகிறேன்.