பள்ளி அலுவலகக் கணக்குப் பணிக்கு எந்தத் தேர்வு, எந்தப் பயிற்சி உண்மையில் உதவும்?

காவிரிக்கரையான்:

அனைவருக்கும் வணக்கம். குரூப் 4 தேர்வின் வழியாக அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இளநிலை உதவியாளராகப் பணியில் சேர்ந்திருக்கிறேன். வணிகவியல் பட்டம் பெற்றவன். பள்ளியில் அமைச்சுப் பணியாளர், அதாவது அலுவலக எழுத்துப் பணி பார்ப்பவர், நான் ஒருவன்தான் என்பதால் சம்பளப் பட்டியல், பணிப்பதிவேடு, ரொக்கப் பதிவேடு, கல்வி உதவித்தொகை, பள்ளி மானியக் கணக்கு என அனைத்தும் என் மேசைக்கே வருகின்றன. புதிதாகச் சேரும் அரசுப் பணியாளர்களுக்கான பவானிசாகர் அடிப்படைப் பயிற்சிக்கு இன்னும் அழைப்பு வரவில்லை. இந்த வேலையைச் சரியாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் உண்டு. பணியில் இருப்பவர்களுக்கான துறைத் தேர்வுகளை இப்போதே எழுதத் தொடங்கலாமா? அல்லது டேலி (கணக்கு மென்பொருள்) போன்ற தனியார் சான்றிதழ்ப் படிப்பில் முதலில் சேர்வது நல்லதா?

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்:

தம்பி, துறைத் தேர்வையே முதலில் எழுதுங்கள். தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை, மே மாதத்திலும் டிசம்பரிலும் இத்தேர்வுகளை நடத்துகிறது. சார்நிலை அலுவலர்களுக்கான கணக்குத் தேர்வின் முதல் பகுதியும் அலுவலக நடைமுறை நூல் தேர்வும் உங்களுக்கு அடிப்படையானவை. எந்தப் பதவி உயர்வுக்கு எந்தத் தேர்வு வேண்டும் என்பதை உங்கள் பணிவிதிகளில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பவானிசாகர் பயிற்சி தகுதிகாண் பருவத்தோடு தொடர்புடையது. அதற்கான அழைப்பு வரும்போது வரட்டும், அதற்காகத் தேர்வைத் தள்ளிப்போட வேண்டாம்.

தேர்வுக்குப் படிக்கும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பலர் பழைய வினாக்களும் விடைகளும் அடங்கிய வழிகாட்டி நூலை மனப்பாடம் செய்து தேறிவிடுகிறார்கள். ஆனால் மறுமாதம் ஓர் ஆசிரியரின் ஊதிய உயர்வுப் பட்டியல் மேசைக்கு வந்தால், சென்ற ஆண்டு என்ன செய்தார்கள் என்று பழைய கோப்பைத் தேடுகிறார்கள். சென்ற ஆண்டு தவறாகச் செய்திருந்தால் இந்த ஆண்டும் அதே தவறு தொடர்கிறது, அதைத் தணிக்கையில்தான் கண்டுபிடிக்கிறார்கள், கூடுதலாகப் பெற்ற பணத்தைத் திருப்பிக் கட்டும் நிலை அந்த ஆசிரியருக்கு வந்து சேர்கிறது.

ஆகவே விதியைப் பட்டியலோடு சேர்த்துப் படியுங்கள். நம் மாநிலத்தில் ஆண்டு ஊதிய உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாளில் வழங்கப்படுகிறது. ஒருவர் மருத்துவச் சான்று இல்லாமல் ஊதியமில்லா விடுப்பு எடுத்திருந்தால் அந்நாள்கள் ஊதிய உயர்வுக்குக் கணக்கில் சேராமல் உயர்வு நாள் தள்ளிப்போகும். தள்ளிப்போன நாள் எந்தக் காலாண்டுக்குள் விழுகிறது என்று பார்த்தே பட்டியல் போட வேண்டும். அரசுப் பணியாளரின் ஊதியம், விடுப்பு முதலியவற்றுக்கென 1922-இல் நடைமுறைக்கு வந்த அடிப்படை விதிகளில் 26-ஆம் விதியை, உங்கள் பள்ளியில் அப்படி விடுப்பு எடுத்த ஒருவரின் பணிப்பதிவேட்டை அருகில் விரித்து வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். அதன் பிறகு அந்த விதி மறக்காது.

நிதி விதித்தொகுப்பையும் கருவூல விதித்தொகுப்பையும் இவ்வாறே அணுகுங்கள். தன் சொந்தப் பணத்தைச் செலவிடும்போது ஒருவர் எவ்வளவு விழிப்போடு இருப்பாரோ அவ்வளவு விழிப்பு அரசுப் பணத்திலும் வேண்டும் என்ற நெறி அங்கே எழுதப்பட்டிருக்கிறது. ரொக்கப் பதிவேட்டில் வரவையும் செலவையும் அன்றன்றே எழுதி, கூட்டிப் பார்த்து, இருப்பை எழுதித் தலைமையாசிரியரின் கையொப்பம் பெறுவது அந்த நெறியின் நடைமுறை வடிவம்தான்.

மூன்றாம் மணி:

உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை என்ற நிலையிலிருந்து எழுதுகிறேன். பணம் பெற்று வழங்கும் அலுவலர் என்ற பொறுப்பு எங்களுடையது, கையொப்பம் எங்களுடையது, ஆனால் பாடம் நடத்திவிட்டு வந்து நாங்கள் பார்க்கும் கணக்கு, பெரும்பாலும் இளநிலை உதவியாளர் தயாரித்துக் கொடுத்ததாகவே இருக்கும். செயல் அலுவலர்களுக்கான கணக்குத் தேர்வை எழுதி வந்த தலைமையாசிரியர்கள்கூட, சம்பளப் பட்டியலைக் கருவூலத்துக்கு அனுப்பும் களஞ்சியம் இணையதளத்தில் ஒரு பட்டியல் திரும்பி வந்துவிட்டால் அலுவலக உதவியாளரைத்தான் கேட்கிறார்கள். ஒரே பணியை இருவர் பகிர்ந்து செய்யும்போது இருவருக்கும் ஒன்றாகப் பயிற்சி அளிப்பதுதானே முறை? இதை நான் எங்கள் கூட்டங்களில் தொடர்ந்து சொல்லி வருகிறேன்.

மானியக் கணக்கைப் பற்றி ஒன்று. 2018-இல் தொடங்கிய சமக்ர சிக்ஷா திட்ட நெறிமுறையின்படி, 251 முதல் 1000 மாணவர்கள் வரை படிக்கும் பள்ளிக்கான கூட்டு மானியம் 75,000 ரூபாய். அதில் குறைந்தது 10 விழுக்காட்டைத் தூய்மைப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். தொகை சிறியதாகத் தோன்றினாலும் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம், விலைப்புள்ளிகள், பற்றுச்சீட்டு, இருப்புப் பதிவேட்டில் பதிவு, பயன்பாட்டுச் சான்றிதழ் ஆகிய அனைத்தும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். வாங்கிய துடைப்பமும் பினாயிலும் இருப்புப் பதிவேட்டில் ஏறவில்லையென்றால் பற்றுச்சீட்டு மட்டும் உங்களைக் காப்பாற்றாது.

பேரேடு:

நான் தனியார் பள்ளியில் கணக்கர். எங்களுக்குத் துறைத் தேர்வு கிடையாது என்பதால் டேலி பற்றிய கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். எங்களுக்கு அது அன்றாடத் தேவை. அரசுப் பள்ளியில் சம்பளப் பட்டியல் கருவூலத்தின் வழியே செல்வதால் உங்களுக்கு அதன் பயன் குறைவு. பணம் கட்டிச் சேர வேண்டியதில்லை. எங்கள் பணிக்கு வேறு சட்டங்கள்: கட்டண வசூலை ஒழுங்குபடுத்தும் 2009-ஆம் ஆண்டுச் சட்டம், வருங்கால வைப்பு நிதி, வருமான வரிப் பிடித்தம். கட்டண நிர்ணயக் குழுவின் முன் வைக்கும் வரவு செலவுக் கணக்கில் ஒவ்வொரு தலைப்புக்கும் ஆதாரம் காட்ட வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் 1910-இல் தொடங்கிய பள்ளி வணிக அலுவலர்களின் பன்னாட்டுச் சங்கம், பள்ளி நிதிக்கும் நிர்வாகத்துக்குமெனத் தனிச் சான்றிதழ் வழங்குகிறது. சான்றிதழ் பெற்ற பின்னும் தொடர்ந்து படித்து அதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். நம் பள்ளிக் கணக்கர்களுக்கு அப்படியொரு ஏற்பாடு வந்தால் முதல் ஆளாக விண்ணப்பிப்பேன். இப்போதைக்கு, செலவுக் கணக்காளர் நிறுவனம் நடத்தும் கணக்குத் தொழில்நுட்பச் சான்றிதழ்ப் படிப்பு தனியார் பள்ளிப் பணியாளர்களுக்குப் பயன்படக்கூடும்.

காவிரிக்கரையான்:

விளக்கமாக எழுதிய அனைவருக்கும் நன்றி. ஐயா, கணக்குத் தேர்வுக்குப் புத்தகத்தை எடுத்துச் செல்லலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அது சரிதானா?

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்:

எல்லாத் தாள்களுக்கும் அது பொருந்தாது. எந்தத் தாளைப் புத்தகத்துடன் எழுதலாம், எதைப் புத்தகமின்றி எழுத வேண்டும், எது கொள்குறி வகை, எது விரித்துரைக்கும் வகை என்பதை அறிவிக்கையில் குறிப்பிட்டிருப்பார்கள். அந்தந்த முறை வரும் அறிவிக்கையைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். புத்தகம் அனுமதிக்கப்பட்டாலும், எந்தப் பொருள் எந்த அத்தியாயத்தில் இருக்கிறது என்று முன்பே பழகியிருக்காதவருக்குத் தேர்வறையில் பக்கம் புரட்டவே நேரம் போய்விடும்.

தேர்ச்சி பெற்றதும் தேர்வாணையச் செய்தி இதழில் உங்கள் பதிவெண் வந்திருக்கும் பக்கத்தை நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இதழின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு உங்கள் பணிப்பதிவேட்டில் பதிவு செய்து, தலைமையாசிரியரின் கையொப்பத்தை அன்றே பெற்றுவிடுங்கள். மற்றவர்களின் பதிவேடுகளை எழுதிக்கொண்டே இருப்பவர்கள் தம்முடையதை விட்டுவிடுவதும், பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும் நேரத்தில் அதற்காக அலைவதும் நம் துறையில் அடிக்கடி நடக்கிறது.