சிமுலேஷனில் ஓடியது, மேசையில் நின்றது: உங்களுக்கும் நடந்ததுண்டா?

சால்டர்புகை:
இரண்டாம் ஆண்டு மினி புராஜெக்ட், ஒரு சின்ன வண்டி. நாலு சர்வோ மோட்டார், ஒரு மைக்ரோகன்ட்ரோலர், 12 வோல்ட் பேட்டரி. அதை 5 வோல்ட்டுக்கு இறக்க 7805 என்ற ஒரு சில்லு (சிப்). மோட்டார்களுக்குப் பதிலாக 0.6 ஆம்பியர் லோடு வைத்து முதலில் எல்டிஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேஷன் மென்பொருளில் ஓட்டினோம். அடிக்கோல் வைத்து வரைந்தது போல 5 வோல்ட். அவ்வளவு பெருமை எங்களுக்கு.

மேசையில் வைத்ததும் வண்டி ஒரு நிமிடம் ஓடியது, நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே மறுபடி ஓடியது. புரோகிராமில்தான் கோளாறு என்று இரண்டு நாள் வரி வரியாகத் துழாவினோம். (அதை எழுதியவனோடு நான் பேசாமலே இருந்தேன், அது தனிக்கதை.) கடைசியில் ஒரு வயரைச் சரிசெய்யப் போனபோது 7805 மேல் விரல் பட்டது. சுரீர்!

அப்புறம்தான் கணக்குப் போட்டோம். 12-இல் 5 போக மீதி 7 வோல்ட். அதை 0.6-ஆல் பெருக்கினால் 4.2 வாட். அத்தனையும் அந்தச் சின்னச் சில்லில் சூடாக இறங்குகிறது. ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) இல்லையென்றால் ஒரு வாட்டுக்குச் சுமார் 65 டிகிரி ஏறும் என்பது தயாரிப்பாளரின் டேட்டாஷீட்டிலேயே இருந்தது. சூடு தாங்காமல் சில்லு தன்னைத்தானே அணைத்துக்கொண்டு, ஆறியதும் விழித்திருக்கிறது.

சிமுலேஷன் ஏமாற்றிவிட்டது என்று கூட இருந்தவர்கள் திட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய கோப்பைத் திறந்து, ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு 7805-ஐச் சொடுக்கினேன். 4.2 வாட் அங்கேயே இருந்தது. நாங்கள்தான் வோல்ட்டை மட்டும் பார்த்துவிட்டு மூடியிருந்தோம். வண்டி நின்றிருக்காவிட்டால் வாட்டைப் பார்க்கவே தோன்றியிருக்காது. அவ்வளவு சூடாக்காமல் வோல்ட்டை இறக்கும் பக் கன்வர்ட்டருக்கு மாற்றினோம், ஓடியது.

கடைசி_பெஞ்ச்_வாத்தியார்:
மெய்நிகர் ஆய்வகம் வந்த பிறகு என் வகுப்பில் எல்லா ரெக்கார்டு நோட்டிலும் கடைசித் தசமம் வரை ஒரே அளவு. காப்பி என்று சொல்லவும் முடியாது, மென்பொருள் எல்லோருக்கும் அதே விடையைத்தானே தரும்! தங்கப் பட்டை போட்ட ரெசிஸ்டர் (மின்தடை) குறித்த மதிப்பைவிட 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது. இப்போது ரன் அழுத்தும் முன் எதிர்பார்க்கும் எண்ணைப் பேனாவால் எழுத வேண்டும், பிறகு ரெசிஸ்டர் மதிப்புகளை 5 சதவீதம் கூட்டியும் குறைத்தும் ஓட்ட வேண்டும். எண் தப்பினால் மதிப்பெண் குறைக்க மாட்டேன். ஏன் தப்பியது என்று எழுதாவிட்டால் குறைப்பேன்.

நட்டும்போல்ட்டும்:
நான் மெக்கானிக்கல். 3டி பிரிண்டரில் ஒரு பிராக்கெட் செய்தோம். ஃபைனைட் எலிமென்ட்டில் (பொருளைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து வலிமையைக் கணக்கிடும் சிமுலேஷன்) பார்த்தால் இரண்டு மடங்கு பாதுகாப்பு. பளுவைத் தொங்கவிட்டதும் அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே பிளந்துகொண்டது. எல்லாத் திசையிலும் ஒரே வலிமை என்று மென்பொருளில் டிக் அடித்தது நாங்களேதான். படுக்கவைத்து அச்சடித்த பிறகு தாங்கியது.

சரி சால்டர்புகை, அந்தப் புரோகிராம் நண்பரோடு இப்போது பேச்சுவார்த்தை உண்டா?

சால்டர்புகை:
உண்டு. விரலுக்கு மருந்து போட்டதே அவன்தான்.