தாத்தாவின் ஹெரால்டு கார் ஏற்காடு ஏறுமா?

குழு: செவ்வாய்ப்பேட்டை சொந்தங்கள்

கார்த்தி: [போட்டோ] ஷெட்டைத் திறந்தாச்சு. தார்ப்பாயை இழுத்ததும் பின் சீட்டிலிருந்து எலிக் குடும்பமே ஓடியது. இரும்புக்கடைக்காரர் காரை எடைக்கு எடுத்துக்கொள்கிறாராம்.

அத்தை: அடப்பாவமே, வெள்ளைக் கார் இப்படிப் பழுப்பேறிக் கிடக்கிறதே!

சித்தப்பா: முதலில் அவரை அனுப்பிவிடு தம்பி. ஸ்டாண்டர்டு ஹெரால்டு அது. 1961இல் சென்னையில் தயாரிக்க ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்று பெயர், உருவம் வரைந்தவர் மிச்செலாட்டி என்ற இத்தாலிக்காரர். பானெட்டைத் திறந்து ஒரு போட்டோ போடு.

கார்த்தி: லீவரே காணோமே சித்தப்பா.

சித்தப்பா: உள்ளே இருக்காது. வெளியே, முன் சக்கரத்துக்குப் பின்னால் இரண்டு பக்கமும் கொக்கி இருக்கும். விடுவித்துத் தூக்கு.

கார்த்தி: [போட்டோ] ஆத்தாடி! மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் சாய்கிறது.

சித்தப்பா: அப்பா அந்த முன் டயர் மேலேயே உட்கார்ந்து, ஸ்பார்க் வரவைக்கிற பிளாட்டினம் பாயிண்டை உப்புத்தாளால் தேய்ப்பார்.

மாமா: அதெல்லாம் சரி மச்சான், ஏற்காடு ஏறுமா?

சித்தப்பா: 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்புகிற வண்டி. 20 கொண்டை ஊசி வளைவும் அதற்குச் சும்மா. தொல்லை வேறு. வெயிலில் இன்ஜின் சூட்டுக்கு பெட்ரோல் பம்பிலேயே ஆவியாகிவிடும், கார்புரேட்டருக்குப் போகாது. பம்பு மேல் ஈரத்துணி போட்டுக் கொஞ்ச நேரம் நின்றால் கிளம்பும். இறக்கத்தில்தான் எனக்குப் பயம். டிரம் பிரேக், மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காது. இரண்டாவது கியரிலேயே இறங்கணும். வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டால் பின் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். பின் சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடுகிற ஸ்விங் ஆக்சிலின் குணம் அது.

அண்ணி: இதைக் கேட்டபிறகு நான் பஸ்ஸில் வருகிறேன் மாமா 😄

கார்த்தி: இப்போது வரும் எத்தனால் பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?

சித்தப்பா: பழைய ரப்பர் ஹோஸ், பம்பு டயாஃப்ரம் எல்லாம் மாற்றிவிடணும். டேங்கைக் கழற்றிக் கழுவாமல் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதே.

அண்ணி: விண்டேஜ் என்று பதியலாமே? கெத்தாக இருக்கும்.

சித்தப்பா: 50 வருஷம் தாண்டிவிட்டதால் பதியலாம். ஆனால் 2021 விதிப்படி அப்புறம் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, இந்த மாதிரி காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். ஏற்காடு ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி தின்னப் போக முடியாது. ஓடாத காருக்கு என்ன கெத்து? சாதாரண ஆர்சியையே புதுப்பிக்க முடியுமா என்று பார்ப்போம்.

மாமா: அதுதான் சரி. கோடை விழாவுக்குள் ரெடி பண்ணுங்கள்.

கார்த்தி: ஆர்சி புத்தகம் எங்கே?

அத்தை: பீரோவில், வீட்டுப் பத்திரத்தோடு. சாவி என்னிடம்தான். முன் சீட் எனக்கு என்றால் தருகிறேன்.