இறக்கத்தில் கெப்பைக் கட்டி இழுத்த அனுபவம்

நுவரெலியாவிலிருந்து:

போன மழைக்காலத்தில் லீக்ஸ் மூட்டைகளோடு கம்பளைக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். லபுக்கலை தாண்டியதும் எஞ்சினின் டைமிங் பெல்ட் அறுந்து கெப் (பின்னால் சாமான் ஏற்றும் சிறு வண்டி) நின்றுவிட்டது. பனிமூட்டம் வேறு. ஓரமாக ஒதுக்கி, சக்கரங்களுக்கு முன்னால் கல் வைத்துவிட்டு மாமாவைக் கூப்பிட்டேன்.

மாமா லொறியோடு வந்தார். நான் நைலோன் கயிற்றை பம்பரில் கட்டப் போனேன். "அது பிச்சுக்கிட்டு வந்துரும் மருமகனே, சேசிஸ் கொக்கியில மாட்டு" என்றார். மாட்டினோம். மற்ற வாகனக்காரர்களுக்குத் தெரிய வேண்டுமென்று கயிற்றின் நடுவில் சிவப்புத் துணி கட்டினோம். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாமல் இருக்க சாவியைத் திருப்பியே வைத்தேன். சரி, எல்லாம் செய்தாயிற்று என்று நினைத்தேன்.

முதல் வளைவிலேயே மாமா வேகத்தைக் குறைத்தார். கயிறு தளர்ந்து என் டயருக்குள் போனது. பிரேக்கை மிதித்தேன். முதல் இரண்டு மிதிக்குப் பிடித்தது, மூன்றாவது மிதி, கல்லை மிதித்தது போல இருந்தது. எஞ்சின் ஓடாவிட்டால், மிதிக்கும் பலத்தைக் கூட்டிக்கொடுக்கும் பிரேக் பூஸ்டருக்கு வெக்யூம் கிடைக்காது, மிச்சமிருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதற்குப் பிறகு முழுப்பலம் போட்டு மிதிக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கையும் சேர்த்து இழுத்துத்தான் நின்றேன். லொறியின் பின்பலகையில் எழுதியிருந்த 'முருகன் துணை'யின் பெயின்ட் வெடிப்பு வரைக்கும் தெரிந்தது.

மாமா இறங்கி வந்து சொன்னார்: "ஏத்தத்துல முன்னுக்குப் போறவன் ஓட்டுறான். பள்ளத்துல பின்னுக்கு இருக்கிறவன்தான் ஓட்டணும்." கயிறு எப்போதும் விறைப்பாக இருக்கும்படி பின்னால் இருப்பவர் லேசாக பிரேக் பிடித்துக்கொண்டே வர வேண்டும். சுமையோடு, செத்த எஞ்சினோடு, அந்த இறக்கத்தில் அது என்னால் முடியாது என்று அப்போதே சொல்லிவிட்டேன். மூட்டைகளை லொறிக்கு மாற்றினோம். பக்கத்துத் தோட்டத்து கராஜில் இரண்டு முனையிலும் வளையம் வைத்த இரும்பு பார் ஒன்றைக் கேட்டு வாங்கினோம். பார் என்றால் முன்வண்டியில் போய் மோதாது. அப்புறம் லொறி இரண்டாம் கியரிலேயே இறங்கியது. வளைவுகளில் சிக்னல் போய்விடும் என்பதால் ஃபோனை நம்பவில்லை. ஒரு ஹோர்ன் அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் போ என்று பேசிக்கொண்டோம். றம்பொடையில் சக்கரத்திலிருந்து தீய்ந்த வாடை வந்தது. தண்ணீர் ஊற்றாமல் அரை மணித்தியாலம் ஆறவிட்டோம். புசல்லாவைக்கு வரும்போது இருட்டிவிட்டது.

அப்புத்தளையிலிருந்து:

அண்ணா, உங்களுடையது மெனுவல் கியர். என் நண்பன் ஓட்டோமெட்டிக் கியர் கெப்பை நியூட்ரலில் போட்டு பண்டாரவளை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனான். எஞ்சின் ஓடாவிட்டால் ஓட்டோ கியர்பெட்டிக்குள் எண்ணெய் ஓடாது. சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே தேய்ந்து கியர்பெட்டியே போய்விட்டது. தயவு செய்து அந்த மாதிரி வண்டிக்கு, வண்டியையே ஏற்றிக்கொண்டு போகும் கெரியரைக் கூப்பிடுங்கள். செலவு கூடத்தான், ஆனாலும் கியர்பெட்டியின் விலைக்கு அது பெரிதில்லை.

டிக்கோயாவிலிருந்து:

இறக்கம் மட்டுமில்லை, சேற்றிலிருந்து இழுப்பதும் பயம்தான். தோட்டத்து ரோட்டில் புதைந்த கெப்பை இரும்புக் கேபிள் போட்டு இழுத்தோம். கேபிள் அறுந்தது. கொக்கி எங்கள் தலைக்கு மேலால் பறந்து கீழ்மலையில் தேயிலைக்குள் விழுந்தது. இப்போது, அறுந்தால் அடங்கி விழட்டும் என்று கேபிள் மேல் ஈரச்சாக்கு போடாமல், ஆட்களைத் தள்ளி நிற்க வைக்காமல் நான் இழுக்க விடுவதில்லை. அன்று கொழுந்து எடுக்கும் பெண்கள் அந்த நிரையை முடித்து மேலே ஏறிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.