ஆந்த்ராக்ஸை முதல்ல மோப்பம் பிடிச்சது யாரு?

லேப்காரன்: நேத்து இங்க ஒருத்தர் "2001ல அமெரிக்காவுல லெட்டர்ல ஆந்த்ராக்ஸ் கிருமிப் பொடி அனுப்பின தாக்குதலை எஃப்பிஐ (அந்த ஊரு மத்திய போலீஸ்) தான் முதல்ல கண்டுபிடிச்சது"ன்னு எழுதிட்டுப் போயிருக்காரு, படிச்சதுமே பத்திக்கிட்டு வந்துச்சு. புளோரிடாவுல ஒரு போட்டோ எடிட்டர், 63 வயசு, அக்டோபர் 2 விடிகாலை காய்ச்சலோட பேச்சு குழம்பி ஆஸ்பத்திரிக்கு வர்றாரு. முதுகுல ஊசி போட்டு எடுத்த தண்ணி ஒரே கலங்கல், மைக்ராஸ்கோப் ஸ்லைடுல ஊதா கலர்ல குச்சிகுச்சியா கிருமிச் சங்கிலி. லாரி புஷ்னு ஒரு டாக்டர் பாத்ததுமே ஆந்த்ராக்ஸ்னு சந்தேகப்பட்டு கவுன்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி) சுகாதார அதிகாரிக்கு போன் அடிச்சாரு. 4ஆம் தேதி உறுதியாச்சு. எஃப்பிஐயாம்!

கடுப்புக்கண்ணன்: முதல்லயா?? அதே ஆபீஸ்ல தபால் பாக்குறவரு முந்தின நாளே நிமோனியான்னு வேற ஆஸ்பத்திரில படுத்திருந்தாரு. நியூயார்க்ல ஏழு மாசக் குழந்தை கையில புண்ணு, சிலந்திக்கடின்னு வைத்தியம் பாத்தாங்க. ரெண்டுமே ஆந்த்ராக்ஸ்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. அதெல்லாம் முதல்ல இல்லியா சார்?

லேப்காரன்: வந்தது வேற, கண்டுபிடிச்சது வேற. தமிழ் புரியுதா? கண்டு. பிடிச்சது.

கோனார்வீடு: எங்க ஊர்ல மாடு திடீர்னு செத்து மூக்குல கறுப்பு ரத்தம் உறையாம வடிஞ்சா அடைப்பான்னு (உங்க ஆந்த்ராக்ஸ் தான்) ஆடு மேய்க்கிற பையனே சொல்லிடுவான், இதுக்கு மைக்ராஸ்கோப் வேறயா

லேப்காரன்: மாட்டை ஓட்டிட்டு வெளிய போங்கண்ணே. டாக்டர் சந்தேகப்பட்டா போதுமா? புளோரிடாவோட ஜாக்சன்வில் அரசு லேப்ல உக்காந்து உறுதி பண்ணாங்களே, 1999லயே இதுக்குன்னு லேப் நெட்வொர்க் போட்டு ட்ரெயினிங் குடுத்ததால தான். ஆனா பேரு மட்டும் டாக்டருக்கு. நாங்க ஸ்லைடு கழுவ மட்டும் தானே!

கடுப்புக்கண்ணன்: ஓ, வயித்தெரிச்சல் அங்க இருக்கா :) இப்ப முதல்ல டாக்டரா லேபா, ஒண்ணைச் சொல்லு. போன மாசம் டெங்கு பிளேட்லெட் சண்டையிலயும் இப்படித்தான் பல்டி அடிச்ச.

லேப்காரன்: டெங்குவை இழுக்காத. அன்னைக்கு நீ கமென்ட்டை அழிச்சிட்டு ஓடினது எல்லாருக்கும் தெரியும்.

நைட்டூட்டி: முதல்ல முதல்லன்னு அடிச்சிக்கிறீங்களே, 4ஆம் தேதி அப்போதைய அமெரிக்க சுகாதார அமைச்சர் டாமி தாம்சன் அந்த போட்டோ எடிட்டர் ஓடைத் தண்ணி குடிச்சாருன்னு, ஏதோ அதுல வந்த மாதிரி பேட்டி குடுத்தாரு. அதவிட, ரெண்டரை வாரம் கழிச்சு, நாடே ஆந்த்ராக்ஸ்னு அலறும்போது, வாஷிங்டன் தபால் ஊழியர் ஒருத்தரை எமர்ஜென்சியில பாத்துட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மறுநாளே செத்துட்டாரு. மொத்தம் 22 பேருக்கு வந்து 5 பேர் போயிட்டாங்க, அதைப் பேசுங்களேன்.

லேப்காரன்: அது ரெண்டாவது விஷயம்மா. முதல்ல கண்டுபிடிச்சது புளோரிடா. அவ்ளோதான்.

கடுப்புக்கண்ணன்: சிலந்திக்கடிக்கு பதில் சொல்லு முதல்ல.

கோனார்வீடு: அடைப்பான்ல செத்த மாட்டை அறுக்கவே கூடாது, ஆழமா குழி வெட்டி சுண்ணாம்பு போட்டுப் புதைக்கணும், இது தெரியுமா உங்க ரெண்டு பேருக்கும்