ரைலியின் சதுரங்களைப் பிரதி எடுத்தால் பள்ளம் விழவில்லை, ஏன்?

கோடும்கட்டமும்:
பிரிட்டன் ஓவியர் பிரிட்ஜெட் ரைலி 1961-இல் கறுப்பு வெள்ளைக் கட்டங்களால் வரைந்த ‘மூவ்மென்ட் இன் ஸ்கொயர்ஸ்’ மாதிரி ஒன்று, 40 × 40 செ.மீ. எம்.டி.எஃப் (மரநார்) பலகையில், அக்ரிலிக். கட்டத்தின் உயரம் எங்கும் 30 மி.மீ. அகலம் 30, 27, 24 என்று 3 வரை இறங்கி, அதே கணக்கில் ஏறுகிறது. மூலத்தில் பரப்பே பள்ளமாக உள்ளே வழுக்கிப் போகிறது. இதில் வெறும் தாள் மடிப்புதான் தெரிகிறது. எங்கே தப்பு?

அரைவட்டம்:
ஒவ்வொரு கட்டத்துக்கும் அதே 3 மி.மீ. கழிப்பதில்தான். உருளையின் வளைவை நேரே நின்று பார்த்தால் அகலம் முதலில் குறைவதே தெரியாது, விளிம்பு நெருங்க நெருங்க மடமடவென்று சரியும். 10 டிகிரிக்கு ஒரு கட்டம் என்று சைன் அட்டவணையில் போட்டால் வருவது: 30, 29, 27, 25, 21, 17, 13, 8, 3. மொத்தம் 173 மி.மீ.

இன்னொன்று, பள்ளத்தை நட்டநடுவில் வைக்காதீர்கள். மூலத்திலும் அது வலப்பக்கம் தள்ளித்தான் இருக்கிறது. இடது ஓரத்தில் இரண்டு முழுச் சதுரம் கூடுதலாக விட்டு, வலப்பக்கம் 3-இல் தொடங்கி 29-உடன் நிறுத்துங்கள். 376 மி.மீ. ஆகும், பலகையில் இருபுறமும் 12 மி.மீ. மிஞ்சும். முதலில் கிராஃப் தாளில் போடுங்கள். ரைலியும் அப்படித்தான் முன்வரைவு செய்தார்.

வெள்ளைப்பூச்சு:
அளவு சரியானாலும் விளிம்பு கசிந்தால் போச்சு. 3 மி.மீ. கட்டத்தில் அரை மி.மீ. கசிவு என்றால் ஆறில் ஒரு பங்கு. அந்த இடம் சாம்பல் நிறமாகக் குழம்பிவிடும். மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அதன் ஓரத்தில் அடிப்பூச்சின் அதே வெள்ளையை மெல்லியதாக ஒரு கை பூசுங்கள். கசிவதெல்லாம் வெள்ளையாகக் கசிந்து இடுக்கை அடைத்துக்கொள்ளும். காய்ந்ததும் கறுப்பு இரண்டு பூச்சு. முழுதாகக் காயுமுன் டேப்பைப் பின்னோக்கி மடக்கி உரியுங்கள். 8 மி.மீ.க்குக் கீழே டேப்போடு மல்லுக்கட்ட வேண்டாம், கோடு இழுக்கும் ரூலிங் பேனாவே மேல். கறுப்பு பளபளப்பில்லாத ‘மேட்’ வகையாக இருக்கட்டும். பளபளத்தால் கண் விளக்கின் பிரதிபலிப்பைப் பிடித்துக்கொள்ளும்.

கோடும்கட்டமும்:
நன்றி. போனில் படமெடுத்தால் பள்ளத்தில் வானவில் அலை தெரிகிறதே, அதுவும் ரைலி வித்தையா?

அரைவட்டம்:
இல்லை, அது மோய்ரே. கேமரா சென்சாரின் புள்ளி வரிசையும் உங்கள் கோட்டு வரிசையும் மோதுவதால் வருவது. கிட்டப் போய் எடுங்கள், மறையும். படத்தைப் போனில் பார்த்து எடைபோடவும் வேண்டாம். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் ஒரு டிகிரி பார்வைக்குள் 17.5 மி.மீ. அடங்கும், 3 மி.மீ. கறுப்பும் 3 மி.மீ. வெள்ளையுமாகக் கிட்டத்தட்ட மூன்று ஜோடி. கண்ணை அதிகம் உறுத்தும் நெருக்கம் அதுதான். ஒற்றைத் தலைவலியோ ஒளியால் தூண்டப்படும் வலிப்போ உள்ளவர்கள் வந்துபோகும் அறையில் மாட்டாதீர்கள்.