"என்னை யாரும் சேர்த்துக்க மாட்டேங்கிறாங்க": உங்கள் பிள்ளைகளின் நட்பு அனுபவங்களைப் பகிருங்கள்

இரண்டாம் வகுப்புச் சிறுமியின் அம்மா

என் மகளுக்கு 7 வயது. இந்த வகுப்பு தொடங்கிய முதல் மாதம் முழுக்க, பையைக் கீழே வைத்ததும் ஒரே பேச்சுதான்: "என்னை யாரும் சேர்த்துக்க மாட்டேங்கிறாங்க." நானும் "நீயே போய்ப் பேசு, சேர்த்துப்பாங்க" என்று சொல்லிச் சொல்லி அனுப்பினேன்.

ஒருநாள் சீக்கிரமே அழைத்துவரப் போனேன். இடைவேளை நேரம். வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஐந்தாறு பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் ஓட்டினார்கள். இவள் ஓடிப்போய் எஞ்சினுக்கு முன்னால் நின்று, "நிறுத்துங்க, கண்ணாமூச்சி ஆடலாம்" என்றாள். ரயில் அவளைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். எனக்குத் தொண்டை அடைத்தது.

அவளுடைய ஆசிரியையிடம் சொன்னபோது, "நடக்கிற ஆட்டத்தை நிறுத்தினால் யாருக்கும் பிடிக்காதுங்க. முதலில் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். ஆட்டம் புரிந்த பிறகு, அதற்குள் பொருந்துகிற மாதிரி ஏதாவது சொல்லட்டும்" என்றார். போய்ப் பேசு என்று சொன்னேனே தவிர, எப்படிப் போவது என்று நான் சொல்லித் தந்ததே இல்லை.

அன்று மாலையே அவள் அப்பா, பாட்டி, நான் மூவரும் கூடத்தில் ரயில் ஓட்டினோம். முதல் இரண்டு நாளும் எஞ்சினை மறித்தாள். நான்காம் நாள் சுவரோரம் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "டிக்கெட் பார்க்க ஆளே இல்லையே, நான் பார்க்கட்டுமா?" என்றாள். பாட்டி உடனே கையை நீட்டி இல்லாத டிக்கெட்டைக் கொடுத்தார்.

பள்ளியில் அது நடக்க இன்னும் இரண்டு வாரம் ஆனது. ஒருநாள் மூடிய கையோடு வீட்டுக்கு வந்தாள். திறந்து பார்த்தால் கிழித்த காகிதத் துண்டுகள். "எல்லாம் டிக்கெட்மா" என்றாள்.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை

சகோதரி, அந்தக் காகிதத் துண்டுகளை எறிந்துவிடாதீர்கள்.

என் வகுப்பில் ஒரு பையன் யாரோடும் பேசமாட்டான். 'எல்லாரும் அவனோடு பேசுங்கள்' என்று சொல்லிப் பார்த்தேன். அது அவனை இன்னும் கூசவைத்தது. அப்புறம்தான் ஜிக்சா முறையை எடுத்தேன். 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், இனம் கலந்த வகுப்புகளில் பிள்ளைகளுக்குள் இருந்த பகையைத் தணிக்க உளவியலாளர் எலியட் அரான்சன் கொண்டுவந்தது. பாடத்தைத் துண்டு போட்டு ஆளுக்கொரு பகுதி கொடுப்போம். மற்றவர் பகுதியை அவர் வாயால் கேட்டால்தான் முழுப்பாடமும் கிடைக்கும்.

தேனீக்கள் பாடத்தில் தேனீயின் நடனம் இவனுக்கு வந்தது. தாளைப் பார்த்து முணுமுணுத்தான். குழுவில் ஒரு துறுதுறுப்பான பெண், "சத்தமா சொல்லு!" என்று இருமுறை அதட்டினாள். அவன் வாயை மூடிக்கொண்டான். கேள்விக்குப் பதில் எழுதவேண்டிய நேரம் வந்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. மேசைமேல் தாடையை வைத்து, அவன் முகத்துக்கு நேராகப் பார்த்து, "அது எப்படி ஆடும்?" என்று மெதுவாகக் கேட்டாள். அவன் எழுந்து, இடுப்பை ஆட்டிக்கொண்டே தரையில் எட்டு போட்டு நடந்து காட்டினான்!

ஒரே நாளில் நட்பு வந்துவிடாது. அதே குழுவை ஆறு வாரம் கலைக்காமல் வைத்திருந்தேன். நடுவில் கலைத்திருந்தால் பலன் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

ஒரு அப்பா, மகனுக்கு 6 வயது

நான் செய்த தவறைச் சொல்கிறேன். மகன் அழுதுகொண்டே வந்து, வண்ணப் பென்சில் தகராறில் நண்பன் 'காய்' விட்டுவிட்டான் என்றான். நான் உடனே அந்தப் பையனின் அப்பாவுக்குப் போன் செய்தேன். பேச்சு தடித்துவிட்டது. மறுநாள் மாலை போய்ப் பார்த்தால் இருவரும் 'பழம்' விட்டு, தோளில் கைபோட்டு நிற்கிறார்கள். பெரியவர்கள் நாங்கள்தான் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது போனைத் தொடுவதில்லை. "என்ன நடந்தது? அவனுக்கு எப்படி இருந்திருக்கும்? நாளைக்கு என்ன செய்யலாம்?" இவ்வளவுதான் கேட்கிறேன். கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பதுதான் கஷ்டம்.

பள்ளி ஆலோசகர்

சார், நீங்கள் இப்போது செய்வது சரி. நட்பை ஆராய்ந்த ராபர்ட் செல்மன் சொன்னபடி, இந்த வயதில் பல பிள்ளைகளுக்கு 'நான் கேட்டதைச் செய்பவன் நண்பன்.' விட்டுக்கொடுத்து வாங்குவது மெல்ல மெல்லத்தான் வரும். ஆனால் ஒன்று. ஒரே பிள்ளை திரும்பத் திரும்ப நோகடிக்கப்பட்டால், எதிர்த்து நிற்க முடியாத அளவுக்கு எதிர்த்தரப்பு வலுவாக இருந்தால், அது காய்-பழச் சண்டை அல்ல. அங்கே காத்திருக்கக் கூடாது. வகுப்பாசிரியரிடம் அன்றே பேசுங்கள்.

8 வயது மகனின் அம்மா

என் மகனுக்கு நண்பர்கள் குறைவு என்று கவலைப்பட்டு, பிறந்தநாளுக்கு வகுப்பையே கூப்பிட்டேன். அவன் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். வெளியே அவன் பிறந்தநாளை மற்ற பிள்ளைகள் கொண்டாடினார்கள்.

பிறகு ஒரே ஒரு பையனை, ஒரு மணி நேரத்துக்கு மட்டும் வரச் சொன்னேன். என் மகனுக்குப் பகிர மனம் வராத பொம்மைகளை அவனையே முன்கூட்டி எடுத்து வைக்கச் சொன்னேன். கட்டைகளை மட்டும் தரையில் கொட்டினோம். நாற்பது நிமிடம் இருவரும் பேசவே இல்லை; கட்டை வைக்கும் சத்தம்தான். எட்டிப் பார்க்கக்கூடாது என்று அடுப்படியிலேயே நின்றேன். அந்தப் பையன் கிளம்பும்போது என் மகன் வாசல்வரை போய், "பாலம் இன்னும் முடியல. கலைக்காம வெச்சிருக்கேன்" என்றான்.

மூன்று வாரமாக அது கூடத்து நடுவில்தான் இருக்கிறது. பெருக்கும்போது சுற்றிக்கொண்டு போகிறேன். நாளை மாலை அந்தப் பையன் மறுபடி வருகிறான்.